உட்காரும் நாய்

கடவுச்சீட்டில் அவன் பெயர் பென்னோ.
அம்பகாமத்து முகாமில், கடுவன் என்று தெரிந்தும்,
பெண்ணு என்றுதான் கூப்பிட்டார்கள்.
பெண்ணு வா. பெண்ணு தேடு.
நீளக் கயிற்றின் மறுமுனையில் சிவரூபி.
மண்ணுக்கு இரண்டு விரற்கடை மேலே அவன் மூக்கு,
விடிந்ததிலிருந்து வெயில் ஏறும் வரை.

கண்டால் உட்காருவான்.
குரைக்க மாட்டான், கிளற மாட்டான்.
அவள் நின்றுவிடுவாள்
வைத்த கால் வைத்தபடி.

வைகாசியில் மாங்குளத்துக்குக் கொண்டுவந்தாள்.
முரசு தேங்காய்ச் சொட்டுப்போல் வெளுத்திருந்தது,
மூத்திரம் தேயிலைச் சாயம்.
உண்ணிக் காய்ச்சல் என்றுதான் முதலில் நினைத்தேன்.
இல்லை.
அவனைக் காக்க உள்ளே இருந்தவையே
அவனுடைய இரத்தத்தை உடைத்துக்கொண்டிருந்தன.
இதை இந்த ஊரில் எந்தச் சொல்லால் விளக்குவது?
“சொந்த ஆக்களே சுடுறமாதிரியோ, டொக்டர்?”
நான் கோப்பைப் புரட்டினேன்.
“ஓம். கிட்டத்தட்ட.”

பிரெட்னிசலோன், பிறகு அசதியோப்பிரின்.
காவலர்களை நித்திரையாக்கும் குளிசைகள்.
மூன்றாம் கிழமை முரசு சிவந்தது.
பசி பிடித்து, சமையலறையில் ஒரு முழுப் பாணை
கடதாசியோடு தின்றான்.
முகாமில் அன்று எல்லோருக்கும் றோல்ஸ் வாங்கிக் கொடுத்தாளாம்.
“வேலைக்கு விடலாமோ?”
“மெதுவா விடுங்கோ” என்றேன்.

மெதுவா விடுங்கோ.
இரண்டே சொல்.
இப்போது கைகழுவும் நேரமெல்லாம்
வாய்க்குள் வந்து நிற்கிறது.

ஆடிக் காற்றில் புழுதி எழும்பிய கிழமை இருமல் தொடங்கியது.
கிளிநொச்சியில், இரவு ஒன்பது மணிக்குப் பிறகு,
மனிதருக்கான எக்ஸ்ரே மேசையில் அவனைக் கிடத்தினோம்.
படமெடுத்த தம்பி மூலையில் எழுதினான்:
பெண்ணு, பெண், வயது ஆறு.
நுரையீரலில் ஆங்காங்கே
வெடித்த இலவங்காய்.

கழுவி எடுத்த சளியில், நுணுக்குக்காட்டியின் கீழே,
மணி கோத்ததுபோல் கிளைவிட்ட ஊதா நூல்கள்.
நொக்கார்டியா.
ஊர்பேர் தெரியாத கிருமி அல்ல.
மண்ணில் சும்மா கிடப்பது.
என் நக இடுக்கில் இருக்கலாம்,
கச்சான் பிடுங்குகிறவர்களின் மூச்சில் போய்வரலாம்,
சிவரூபியின் சப்பாத்தில்.
எங்களை ஒன்றும் செய்யாது.
உள்ளே விழித்திருப்பவர்கள் விடமாட்டார்கள்.

அவன் மணந்து, உட்காராமல் கடந்து,
இங்கே ஒன்றுமில்லை என்று எங்களுக்குச் சொன்ன மண்.
அவன் சொன்னதை நம்பி
அந்தக் காணிகளில் கிணறு வெட்டியிருக்கிறார்கள்.
பொய்யில்லை. எங்களுக்கு ஒன்றுமில்லைத்தான்.

குளிசையைக் குறைத்தால் இரத்தம் போகும்.
குறைக்காவிட்டால் மூச்சு.
சவர பிளேட்டால் கால்வாசியாக வெட்டுகிறேன்.
மேசையில் சிந்தும் வெள்ளைத் தூளையும்
கணக்கில் சேர்க்கவேண்டுமோ தெரியவில்லை.
சல்பா மருந்து ஆறு மாதத்துக்கு, அவன் இருந்தால்.
கொழும்பில் படித்த நண்பனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.
அவனும் “மெதுவா குறை” என்றான்.

நேற்றிரவு அவன் படுக்கவில்லை.
முழங்கைகளை அகட்டி, கழுத்தை நீட்டி,
சீமெந்துத் தரையின் நடுவில் உட்கார்ந்திருந்தான்.
கஞ்சியோடு வந்த சிவரூபி
வாசலிலேயே நின்றுவிட்டாள்,
ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

“அது இல்லை” என்றேன்.
“படுத்தால் மூச்சு முட்டும். அதுதான் இருக்கிறான்.”
“தெரியும்” என்றாள்.
ஆனாலும் அசையவில்லை.
கஞ்சியில் ஆடை படரும் வரை நின்றாள்.
பிறகு அவன் உள்ளே நடந்துபோன வழியாலேயே
அடிமேல் அடிவைத்து வந்து
பக்கத்தில் குந்தினாள்.

நான் மணிக்கூட்டைப் பார்த்து விலா எலும்புகளை எண்ணினேன்.
நிமிடத்துக்கு ஐம்பத்தெட்டு.
முந்தநாள் அறுபத்திரண்டு.
எழுதிவைத்தேன்.
அவள் எட்டிப் பார்த்து,
“குறையிறது நல்லதோ, கூடாதோ?” என்று கேட்டாள்.